ஒரு விரற்கடை நிலம்

முதலியார்பேட்டை, புதுச்சேரி
விளம்பி வருஷம் புரட்டாசி மாதம் 5-ந் தேதி (1958)

அன்பு மகள் செல்வாம்பாளுக்கு அம்மா ஆதிலட்சுமி ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் கடவுள் புண்ணியத்தில் கை கால் சுகத்தோடு இருக்கிறோம், கடல் தாண்டி பிரான்சு தேசத்து மர்சேயில் இருக்கும் நீயும் மாப்பிள்ளை வடிவேலும் உன் வயிற்றுப் பிள்ளையும் அதேபோல் இருக்க வேண்டும் என்று விளக்கு வைக்கும்போதெல்லாம் வேண்டிக்கொள்கிறேன். ஏழாம் மாதம் பிறந்துவிட்டது என்று எழுதியிருந்தாய், கால் வீக்கம் எப்படி இருக்கிறது என்று மட்டும் எழுதாமல் விட்டுவிட்டாய். நீ எதை எழுதாமல் விடுகிறாயோ அதுதான் உனக்குக் கஷ்டம் என்று எனக்குத் தெரியாதா, பத்து மாதம் சுமந்தவள் நான். உப்பைக் குறை, படுக்கும்போது காலுக்கு ஒரு தலையணை வை, அந்த ஊர்க் குளிருக்கு மாப்பிள்ளையின் கம்பளிக் காலுறையை வாங்கிப் போட்டுக்கொள், வெட்கப்படாதே. இங்கே மழை இன்னும் பிடிக்கவில்லை, பகலில் அனல் அடிக்கிறது. வைத்திக்குப்பத்து வீராயி நேற்றும் மீன்கூடையோடு வந்து நின்றாள், பொண்ணு எப்பம்மா வருது, அதுக்கு நெத்திலின்னா உசுராச்சே என்று உன்னைத்தான் கேட்டாள். புரட்டாசி மாதம் என்று தெரிந்தும் மீனைத் தூக்கிக்கொண்டு வருகிறாயே என்று திட்டி அனுப்பினேன். அனுப்பிவிட்டு அப்புறம் கூப்பிட்டு மோர் கொடுத்தேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன், இதை நின்றுகொண்டு படிக்காதே, உட்கார்ந்து படி. போன கடிதத்துக்குள் ஒரு காகிதப் பட்டையை மடித்து வைத்திருந்தாயே, அது இங்கே என்ன வேலை செய்துவிட்டது தெரியுமா. எனக்கு இன்னும் ஆச்சரியம் அடங்கவில்லை. சோறு வடிக்கும்போதும் அதையே நினைத்துக்கொண்டு நிற்கிறேன், முந்தாநாள் கஞ்சியைக் கை மேலேயே ஊற்றிக்கொண்டேன். பயப்படாதே, கொப்புளம் இல்லை, உன் அப்பா தேங்காயெண்ணெய் தடவிவிட்டார். அவர் எனக்கு எண்ணெய் தடவிவிட்டார் என்றாலே வீட்டில் ஏதோ நடந்திருக்கிறது என்று உனக்குப் புரியும்.

மாப்பிள்ளைக்கு நம் வீட்டுக் கதை முழுதும் தெரியாது, நீ பாதி சொல்லியிருப்பாய், அதுவும் உன் அப்பாவுக்கு அனுகூலமான பாதி. அதனால் முதலிலிருந்து எழுதுகிறேன், அவருக்கும் படித்துக் காட்டு. உன் தாத்தாவுக்கு மேலவெளியில் நாலு காணி நிலம் ஒரே வளைவாக இருந்தது, உடம்பு நன்றாக இருக்கும்போதே அதை இரண்டு பிள்ளைகளுக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டார். பெரியவர் உன் பெரியப்பா கலியபெருமாள், சின்னவர் உன் அப்பா. ஆளுக்கு இரண்டு காணி, அதாவது இருநூறு குழி. இருபத்துநாலு அடி மூங்கில் கோலைப் போட்டு ஊரார் முன்னால் அளந்து நடுவில் ஒரு வரப்பு எடுத்தார்கள், அந்த நாளில் அந்த வரப்பில் ஒரு ஜோடி மாடு தோளோடு தோள் ஒட்டிப் போகும். இதில் ஒரே ஒரு சங்கதி, ராஜ்ஜியத்தின் எல்லையும் அந்த வரப்பு மேலேதான் ஓடியது. இந்தப் பக்கம் பிரெஞ்சுக்காரன், அந்தப் பக்கம் இங்கிலீஷ்காரன். வரப்பில் குந்தி வெற்றிலை போட்டால் எச்சிலை எந்த ராஜா மேல துப்பறதுன்னே தெரியல என்று பெரியப்பா கேலி பேசுவார், எல்லோரும் சிரிப்போம். அவருக்கு வாழ்க்கைப்பட்டவள் என் கூடப்பிறந்த அக்கா அஞ்சலாட்சி. அக்கா தங்கையை அண்ணன் தம்பிக்குக் கொடுத்துவிட்டால் ஜென்மத்துக்கும் பிரிய மாட்டார்கள் என்று எங்கள் அப்பா கணக்குப் போட்டார்.

அப்புறம் சர்க்கார் அளவு வந்தது. நம் பக்கத்தில் மீட்டர் நாடா போட்டு அளந்து நம்முடையதை ஒரு ஹெக்டார் ஏழு ஆர் என்று எழுதினார்கள், ஒரு ஹெக்டாருக்கு நூறு ஆர் என்று உனக்குத் தெரியும். அந்தப் பக்கத்தில் சங்கிலி போட்டு அடிக்கணக்கில் அளந்து பெரியப்பாவுடையதை இரண்டு ஏக்கர் அறுபத்துநாலு செண்டு என்று எழுதினார்கள். நமக்கு ஒன்று, அண்ணனுக்கு இரண்டரைக்கு மேலா என்று உன் அப்பாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. சந்தேகம் வந்தால் அண்ணனிடம் கேட்டிருக்கலாம். இவர் நேராக ராஜாங்கம் மிசேயிடம் போனார். துரை என்கிற மாதிரி மிசே என்றே ஊர் கூப்பிடும், பிரெஞ்சுக்காரர்களிடம் எழுத்து வேலை பார்த்து ஓய்ந்தவர், சித்திரை வெயிலிலும் கறுப்புக் கோட்டைக் கழற்ற மாட்டார், பொய் சொல்கிற ஆள் இல்லை, செத்துப்போன மனுஷனைப் பற்றி அதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். அண்ணனுடைய ஏக்கரை எல்லாம் சதுர அடியாக்கி, அந்த அடியைத் தன் பழைய பிரெஞ்சுப் புத்தகத்தைப் பார்த்து மீட்டராக்கி, உங்க அண்ணனுக்கு ஒரு எக்தார் இருபத்தியோரு ஆர் இருக்குதுப்பா, உனக்கு ஏழுதான் என்று சொல்லிவிட்டார். பதினாலு ஆர் வித்தியாசம், நம் பேச்சில் சொன்னால் இருபத்தாறு குழி. அண்ணன் வரப்பை நகர்த்திவிட்டார் என்று இவர் அன்றைக்கே முடிவு கட்டிவிட்டார்.

கட்டினாலும் மனசுக்குள் வைத்திருக்கலாம். என் மாமியார் தவறிப்போன பதினாறாம் நாள், பங்காளிகள் எல்லாம் கூடியிருக்கிறார்கள், இலை போட்டுப் பெரியப்பா உட்கார்ந்து சோற்றில் கை வைக்கிற நேரம், வரப்பைத் தின்ன வாய்க்கு எங்க வூட்டுச் சோறும் கேக்குதா என்று உன் அப்பா எல்லார் காதிலும் விழும்படி கேட்டுவிட்டார். பெரியப்பா பரிமாறிய இலையைச் சோற்றோடு அப்படியே மடித்து வைத்துவிட்டு எழுந்தார். அடுப்படியிலிருந்து அக்கா வெளியே வந்தாள், என்னைப் பார்த்தாள், ஈரக்கையைக்கூடத் துடைக்காமல் அவர் பின்னாலேயே இறங்கிப் போய்விட்டாள். நீ அப்போது இரண்டு வயசுக் குழந்தை, என் இடுப்பில் இருந்தாய்.

அதோடு சரி. நல்லது கெட்டது எதற்கும் போக்குவரத்து இல்லை. வெயில் ஏறுவதற்குள் நடந்து போய்த் திரும்பிவிடுகிற தூரத்தில் என் அக்கா இருக்கிறாள், அவள் பிள்ளைப்பேறு எனக்குத் தெரியாது, உன் கல்யாணம் அவளுக்கு ஊரார் சொல்லித்தான் தெரியும். ஒரு தரம் வில்லியனூர்த் தேரில் கூட்டத்துக்கு நடுவே அவள் முதுகைப் பார்த்தேன், கொண்டை போட்டிருந்த விதத்தை வைத்து அவள்தான் என்று தெரிந்தது, கூப்பிட வாயெடுப்பதற்குள் கூட்டம் தள்ளிக்கொண்டு போய்விட்டது. நாலு வருஷத்துக்கு முன்னால் பிரெஞ்சுக்காரன் விட்டுப் போய் சுங்கச் சாவடியை எடுத்தபோது ஊரெல்லாம் கொடி கட்டி ஆடினார்களே, எனக்கு வந்த சந்தோஷம் ஒருத்தருக்கும் வந்திருக்காது, இனிமேல் எல்லை இல்லை, அக்காவைப் பார்த்துவிடலாம் என்று நினைத்தேன். உன் அப்பாவுக்கு வந்த யோசனை வேறே. இனிமே ஒரே சர்க்காரு, ஒரே கோர்ட்டு, பதினாலு ஆரையும் வாங்காம வுட மாட்டேன் என்று கிளம்பி, இந்த ஆடியில் வக்கீலையும் பார்த்துவிட்டு வந்தார். அன்றைக்குத்தான் உனக்கு அழுதுகொண்டே எழுதினேன். வழக்கு என்று ஏறிவிட்டால் சாகிற வரைக்கும் என் அக்கா முகத்தை நான் பார்க்க முடியாது, அவள் செத்தால் நானோ நான் செத்தால் அவளோ வாசல் மிதிக்க முடியாது, அந்தப் பயம்தான் எனக்கு.

நீ ஆறுதலாக நாலு வரி எழுதுவாய் என்று பார்த்தால், ராஜாங்கம் மிசே எந்த அடியை வைத்துக் கணக்குப் போட்டார் என்று ஒரே ஒரு கேள்வி கேட்டு எழுதியிருந்தாய். எனக்குக் கோபம்தான் வந்தது, ஒப்புக்கொள்கிறேன், என் கஷ்டம் என்ன, இவள் கேட்கிற கேள்வி என்ன என்று. அப்புறம்தான் மேலே படித்தேன். நீ குடியிருக்கும் வீட்டுக்கார அம்மாளின் தகப்பனார் தச்சு வேலை செய்தவர் என்றும், அவர்கள் பரணில் கிடந்த பழைய கோலில் அந்த நாட்டு ராஜாக்கள் காலத்து அடி வெட்டியிருக்கிறது என்றும், அது இங்கிலீஷ் அடியைவிடப் பெரிது என்றும் எழுதி, அந்த நீளத்துக்கே ஒரு காகிதத்தைக் கத்தரித்து வைத்திருந்தாய். நான் கொத்து மேஸ்திரி வேம்பு வீட்டுக்குப் போய் ஓர் அடிக்கோல் வாங்கி வந்தேன், இங்கிலீஷ் அடி போட்டது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். உன் காகிதம் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. நீ சரியாகக் கத்தரிக்கவில்லையோ, கடற்காற்றுக்குக் காகிதம் ஊறிவிட்டதோ என்று நினைத்து நீவி நீவி மறுபடியும் வைத்தேன். நீட்டிக்கொண்ட இடத்தில் என் ஆள்காட்டி விரலைக் குறுக்கே வைத்தால் சரியாகப் பொருந்துகிறது. ஒரு விரற்கடை.

ஒரு விரற்கடைக்கு என்ன வந்துவிடப் போகிறது என்றுதான் முதலில் தோன்றியது. உன் அளவுக்கு நான் படிக்கவில்லை, நீ ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்த பெருக்கல் கழித்தல் எனக்குப் பாதியில் கண்ணைக் கட்டியது. அதனால் எனக்குத் தெரிந்த வழியில் செய்து பார்த்தேன். உன் அப்பா சாப்பிட்டுவிட்டுக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். நடுவீட்டில் கோலப்பொடியால் இங்கிலீஷ் அடிக்கு ஒரு சதுரம் போட்டேன், அதே மூலையிலிருந்து உன் காகிதத்தை வைத்து இன்னொரு சதுரம் போட்டேன். சின்னச் சதுரத்துக்கு வெளியே இரண்டு பக்கத்திலும், புடவைக்குக் கரை வைத்த மாதிரி, ஒரு பட்டை மிச்சம் நின்றது. ஒரு சதுர அடிக்கு இந்தக் கரை. ஒரு ஏக்கரில் இந்த மாதிரி சதுரம் நாற்பத்துமூவாயிரத்துக்கு மேலே என்று நீ எழுதியிருக்கிறாய், பெரியப்பாவுக்கு இரண்டரை ஏக்கருக்கு மேலே. அத்தனை சதுரத்துக்கும் அத்தனை கரை. எல்லாக் கரையையும் பிரித்தெடுத்து ஒன்றாகத் தைத்தால் எத்தனை பெரிய புடவை என்று நினைத்துப் பார்த்தேன், அம்மா. அந்தப் பதினாலு ஆர் அங்கேதான் இருந்தது. இங்கிலீஷ் அடியில் அளந்த நிலத்தைப் பிரெஞ்சு அடி என்று நினைத்து மீட்டராக்கினதில் பெரியப்பாவின் நிலம் காகிதத்தில் ஊதிக்கொண்டது. சரியான அடியைப் போட்டால் நீ எழுதியிருக்கிறபடி அவருக்கும் ஒரு ஹெக்டார் ஏழு ஆர்தான், கைப்பிடி மண் கூடக் குறைய. ஒருத்தரும் உழாத நிலம், ஒரு புல்லும் முளைக்காத நிலம், பூமியில் எங்கேயுமே இல்லாத நிலம், அது எனக்கும் என் அக்காவுக்கும் நடுவில் இருபத்துநாலு வருஷம் படுத்துக் கிடந்திருக்கிறது. கோலத்தின் பக்கத்திலேயே கையைக் கூப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

உன் அப்பா எழுந்து வந்து பார்த்தார். மத்தியானத்துல நடுவூட்டுல என்னாடி கோலம், யாருக்குக் கண்ணாலம் என்றார். சொன்னேன். காயிதத்த யாரு எப்படி வேணாலும் வெட்டலாம், உன் பொண்ணு உன் பக்கந்தான் வெட்டுவா என்றார். பெருமை வந்தால் என் பொண்ணு, பிடிக்காவிட்டால் உன் பொண்ணு, அது உனக்குத் தெரிந்ததுதானே. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனவர் தெருமுனை வரைக்கும் போயிருக்க மாட்டார், திரும்பி வந்து கோலத்தின் பக்கத்தில் குந்தினார். தன் விரலை எடுத்து அந்தக் கரை மேல் வைத்துப் பார்த்தார், இந்தப் பக்கம் வைத்தார், அந்தப் பக்கம் வைத்தார். மறுநாள் காலையில் காப்பித் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே, ரெண்டு கழனியையும் ஒரே நாடாவுல அளந்து பார்த்தாத்தான் நான் ஒத்துக்குவேன் என்றார். அளங்களேன், யார் வேண்டாம் என்றது என்றேன். மறுபடியும் வேம்பு வீட்டுக்கு நானே போய் மீட்டர் நாடாவை வாங்கி வந்தேன்.

கழனிக்கு அவர் கிளம்பினார், கூடவே சோற்றுப் பானையையும் தூக்கிக்கொண்டு நானும் போனேன். அந்த வரப்பை நான் பார்த்து வெகுநாள் ஆயிற்று. ஜோடி மாடு போன வரப்பில் இப்போது ஒரு பாதத்தை நேராக வைக்க முடியவில்லை. வருஷா வருஷம் உழவுக்கு முன்னால் வரப்பின் ஓரத்தைச் செதுக்கி அண்டை வெட்டுவார்களே, அந்தச் சாக்கில் இவர் இந்தப் பக்கம் ஒரு பிடி, அவர் அந்தப் பக்கம் ஒரு பிடி என்று மாற்றி மாற்றி அரிந்து கத்தி முனை ஆக்கிவிட்டிருக்கிறார்கள். நண்டு வளை வழியாக நம் தண்ணீர் அங்கே போகிறது, அவர்கள் தண்ணீர் இங்கே வருகிறது. நம் கழனியை அளப்பதற்கு நாடாவின் மறுமுனையை நான் பிடித்தேன். நீளம் நூற்றுநாற்பத்தாறு மீட்டரும் சொச்சமும், அகலம் எழுபத்துமூன்றும் சொச்சமும். அது முடிந்தது. அந்தப் பக்கம் இறங்க வேண்டும், உன் அப்பாவுக்குக் கால் எழவில்லை. பெரியப்பா தன் கிணற்று மேட்டில் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு இளைத்துவிட்டார் தெரியுமா, நடந்து வரும்போது ஒரு பக்கம் சாய்கிறார். உன் அப்பா அவர் முகத்தைப் பார்க்காமல் எதிரே இருந்த பனைமரத்தைப் பார்த்து, அளக்கணும் என்றார். அவ்வளவுதான் சொல்லத் தெரிந்தது. மண்வெட்டியைத் தூக்கிவிடப் போகிறாரே என்று நான் பயந்தேன். பெரியப்பா வரப்போரம் வந்து நின்று என் பக்கம் கையை நீட்டி, குடு பாப்பா என்றார். அக்காவைப் பெண் பார்க்க வந்தபோது நான் சின்னப் பெண், அப்போது கூப்பிட்ட பேர் அது, இன்னும் மறக்கவில்லை. நாடாவின் முனையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு அவர் கழனியின் அந்தக் கோடிக்கு நடந்தார்.

அண்ணன் ஒரு முனை, தம்பி ஒரு முனை. நடுவில் நாடா தொய்ந்தால் இவர் கையை உயர்த்துவார், அவர் இழுத்துப் பிடிப்பார். நான் எண்ணை உரக்கப் படித்துச் சொன்னேன். நீளம் நூற்றுநாற்பத்தாறும் சொச்சமும். அகலம் எழுபத்துமூன்றும் சொச்சமும். இரண்டு பக்கத்துச் சொச்சத்துக்கும் ஒரு முழம்கூட வித்தியாசம் இல்லை. உன் அப்பா நம்பாமல் இன்னொரு தரம் அளக்கச் சொன்னார், இன்னொரு தரமும் அதே. காணி என்று சொன்னாலும் அதே, ஹெக்டார் என்றாலும் அதே, ஏக்கர் என்றாலும் அதே. இரண்டு ராஜ்ஜியம் வந்து போய், மூன்று பாஷையில் பேர் வைத்து, ஆளாளுக்கு ஒரு கணக்கு எழுதியும் அந்த மண் கொஞ்சம்கூட அசையாமல் தாத்தா விட்ட இடத்திலேயே கிடக்கிறதே என்று எனக்கு மலைப்பாக இருந்தது. இதில் இன்னொரு வேடிக்கையைக் கேள், இரண்டு பேரும் வரப்பை அரிந்தார்களே, அதையும் போட்டி போட்டுக்கொண்டு ஒரே அளவாக அரிந்திருக்கிறார்கள். சரியாத்தான் இருக்குது அண்ணே என்றார் உன் அப்பா. பெரியப்பா நாடாவை மண் போகத் துடைத்து நிதானமாகச் சுருட்டி என்னிடம் கொடுத்தார். அப்புறம் உன் அப்பாவைப் பார்த்து, நெலம் சரியாப் பூடுச்சி, அன்னிக்கு எலைக்கு முன்னால ஒரு வார்த்தை சொன்னியே, அத எந்த நாடாவால அளப்பே என்றார். சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குப் போய்விட்டார்.

நான் என்ன சொல்ல, அவர் கேட்டது நியாயம். வக்கீலிடம் போய் வழக்கு வேண்டாம் என்று உன் அப்பா சொல்லிவிட்டார், அந்த மட்டும் நல்லது, ஆனால் என் அக்கா இருந்த இடத்தில்தானே இருக்கிறாள். நேரே போய் ஒரு வார்த்தை தப்பு என்று சொல்லிவிடுங்களேன் என்று அடுப்படியிலிருந்தே கத்திப் பார்த்தேன். அந்த வார்த்தை சொல்கிற வாயை ஆண்டவன் உன் அப்பாவுக்கு வைத்துப் படைக்கவில்லை. இரண்டு நாள் ஈசிச்சேரில் கிடந்தார். அப்புறம் ஒரு நாள் காலையில் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு கழனிக்குப் போனார். சோறு கொண்டுபோய்ப் பார்த்தால், நம் கழனி மண்ணை வெட்டி வெட்டி அந்த வரப்பின் மேல் போட்டுக் காலால் மிதித்துக்கொண்டிருக்கிறார். என்ன பண்றீங்க என்றேன். அண்ட வைக்கறேன் என்றார். நம்ம நெலம் கொறயுதே என்று வேண்டுமென்றே கேட்டேன். கொறஞ்சா கொறயட்டும்டி என்றார். பதினாலு ஆருக்காகக் கூடப்பிறந்தவரின் உறவையே அறுத்துக்கொண்டவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தது. இடுப்பு வலியோடு ஒரு கோடியிலிருந்து ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாக வரப்பைக் கொழுக்க வைத்துக்கொண்டே போனார். ஒரு நாள் காலையில் போய்ப் பார்த்தால் வரப்பு நாங்கள் விட்டுவிட்டு வந்ததைவிட அகலமாக இருக்கிறது. எட்டிப் பார்த்தேன், அந்தப் பக்கத்தில் ஈரம் காயாத புது மண், அதன் மேல் காலடிகள், ஒரு பக்கம் அழுத்தமாக, ஒரு பக்கம் லேசாக. உன் அப்பா அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார், அப்புறம் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வேலையைத் தொடங்கிவிட்டார்.

அதற்கப்புறம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வந்து இவர் இந்தப் பக்கமும் அவர் அந்தப் பக்கமுமாக வேலை செய்தார்கள், முகம் பார்க்க மாட்டார்கள், ஆனால் ஒருத்தர் இளைப்பாற நின்றால் இன்னொருத்தரும் நின்றுகொள்வார். போன வெள்ளிக்கிழமை வரப்பு முடிந்தது. நான் கீரைக்குழம்பும் மோரும் எடுத்துப் போயிருந்தேன், பெரியப்பா மண்வெட்டியைக் கழுவிக்கொண்டு புறப்படத் தயாராக இருந்தார். உன் அப்பா விறுவிறுவென்று போய் வாய்க்காலோர வாழையில் ஒரு இலையை அறுத்துக்கொண்டு வந்தார். புது வரப்பின் மேல் அதை விரித்து, சொம்புத் தண்ணீரைத் தெளித்து, தன் துண்டாலேயே துடைத்து, அண்ணனைப் பார்த்துக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கண்ணில் தண்ணீர் நின்றது, செல்வா, உன் அப்பா கண்ணில் நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. பெரியப்பா அந்த இலையைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், மறுபடியும் இலையைப் பார்த்தார். அப்புறம் மெதுவாகக் காலை மடக்கி இலைக்கு முன்னால் உட்கார்ந்து, போடு பாப்பா என்றார். போட்டேன். அவர் சாப்பிட்டு முடித்து, மோரு நல்லா இருக்குது, இன்னங் கொஞ்சம் ஊத்து என்று கேட்டு வாங்கிக் குடித்தார்.

அந்த நேரத்தில்தான் அவருக்குச் சோறு எடுத்துக்கொண்டு அக்கா வந்தாள். தினமும் அவள் மருமகள்தான் கொண்டுவருவாளாம், அன்றைக்கு என்னமோ தானே வந்திருக்கிறாள். தூக்குப் பாத்திரத்தோடு கிணற்று மேட்டில் நின்றுவிட்டாள், அவள் புருஷன் நம் இலையில் சாப்பிடுகிறதைப் பார்த்து அப்படியே நின்றாள். நான் ஓடினேன், இந்த வயசில் ஓடினேன், சேற்றில் கால் புதைந்து விழப் பார்த்தேன். கிட்டே போய் நின்றேன். அவள்தான் முதலில், என்னாடி இப்பிடி நரச்சிப் பூட்ட என்றாள். உனக்கு மட்டும் கருகருன்னு இருக்குதாக்கும் என்றேன். அப்புறம் இரண்டு பேரும் அழுதோம், நன்றாக அழுதோம், அதை எழுதி என்ன ஆகப்போகிறது. வரப்பில் வந்து உட்கார்ந்தோம், இரண்டு பேர் ஒட்டி உட்கார இடம் இருந்தது, ஈர மண் புடவையெல்லாம் அப்பிக்கொண்டது. உன்னைப் பற்றிக் கேட்டாள், உன் கல்யாணத்தன்று தான் பட்டினி கிடந்ததைச் சொன்னாள். சுருக்குப்பையிலிருந்து உன் காகிதப் பட்டையையும் அடிக்கோலையும் எடுத்து அவள் மடியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன், இதுதான் அக்கா நடந்தது என்றேன். அவளுக்கு எழுத்துத் தெரியாது, கணக்கும் தெரியாது. கொஞ்ச நேரம் பார்த்தாள். வெளியே நீட்டிக்கொண்ட இடத்தில் தன் விரலைக் குறுக்கே வைத்தாள், அவள் விரலுக்கும் சரியாக இருந்தது. விரலை எடுக்காமலேயே என்னைப் பார்த்து, இவ்ளோதானா ஆதி என்றாள். நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

உன் புண்ணியம் அம்மா இது. எங்கேயோ கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு பரணைத் துழாவி நீ அனுப்பின ஒரு துண்டுக் காகிதம் இங்கே இரண்டு வீட்டை ஒன்றாக்கிவிட்டது, உன் வீட்டுக்கார அம்மாளுக்கு நான் கும்பிட்டதாகச் சொல், அந்தக் கோலை அடுப்பில் வைத்துவிடாமல் பத்திரமாக வைத்திருக்கச் சொல். காகிதப் பட்டையை உன் அப்பா சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறார், வருகிறவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டி என் பொண்ணு கண்டுபிடிச்சது என்கிறார், கவனி, இப்போது என் பொண்ணு. தீபாவளிக்கு இரண்டு குடும்பமும் இங்கேதான். நீ சுகமாகப் பெற்றுப் பிழைத்து, தாயும் பிள்ளையும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் பல்லாண்டு வாழ வேண்டும் என்று நாங்கள் நாலு பேரும் சேர்ந்து ஆசீர்வாதம் பண்ணுகிறோம், நாலு பேர் என்று எழுதவே எனக்கு எத்தனை ஆசையாக இருக்கிறது. கடைசியாக ஒன்று. பிள்ளை பிறந்ததும் சட்டைக்கு அளவெடுத்து அனுப்பு, பெரியம்மா தன் கையாலேயே தைக்க வேண்டும் என்று இப்போதே துணி வாங்கி வைத்திருக்கிறாள். அங்குலமா, சென்டிமீட்டரா என்று மறக்காமல் எழுது. இன்னொரு இருபத்துநாலு வருஷம் எங்களிடம் இல்லை.

உன் வரவைப் பார்த்திருக்கும் அம்மா
ஆதிலட்சுமி